ஒரு ரூபாய் அகல நிழல்

வெயிலை அளக்கும் கருவியில் எண் இறங்கத் தொடங்கியது.

சூரியன் மேல் மெல்லிய மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கல்லூரி மொட்டைமாடியில் அவள் குனிந்து பார்த்தாள். மேகத்தின் தடிமனை வெயிலிடம்தான் கேட்க வேண்டும். மேலே விழுந்தது எவ்வளவு, கீழே வந்து சேர்ந்தது எவ்வளவு.

முழுக்க அடைத்துவிட்டால் கணக்கே இல்லை. துளி வெளிச்சம் வந்தாலும் போதும்.

மகளின் கண் டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

ஆறு வயது மகள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து, முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து இரண்டு கருவிழி மேலும் வெள்ளைப் படலம். வேறு கருவிழி மாற்றி வைக்கலாம். ஆனால் உள்ளே கொஞ்சமாவது வெளிச்சம் தெரிய வேண்டும்.

நேற்று டார்ச் அடித்துக் கேட்டார்கள். "வெளிச்சம் தெரியுதா பாப்பா?"

"இல்ல."

இன்னொரு நாள் பார்ப்போம் என்றார் டாக்டர். அந்தக் குரலில் இன்னொரு நாள் இல்லை.

"எம்மா, மேகம் வந்துட்டு."

அவள் நிமிர்ந்தாள்.

"ஏட்டி, உனக்கு எப்படித் தெரியும்?"

"வெயில் போயிட்டுல்லா."

கன்னத்துச் சூடு சொல்லியிருக்கும். அப்படித்தான் நினைத்தாள். வேறு எப்படி நினைக்க.

மேகம் விலகியது. வானம் கழுவிவிட்டதுபோல் நீலம்.

அடுத்த அளவுக்குச் சூரியனை மட்டும் மறைக்க வேண்டும். அதற்கென்று ஒரு கம்பி. நுனியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் தகரத் தட்டு. அதன் நிழல் கருவியின் கண்ணாடியில் மட்டும் விழ வேண்டும். ஓரம்கூட வெளியே போகக் கூடாது.

கம்பியை எடுத்தாள்.

கருவியிடம் போகவில்லை.

"வலது கண்ணைப் பொத்திக்கோட்டி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

முறுக்குக் கையாலேயே பொத்திக்கொண்டாள்.

தட்டின் நிழல் இடது கண்ணில் வந்து உட்கார்ந்தது. கன்னத்தில் வெயில் அப்படியே இருந்தது.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"வந்துட்டு."

எடுத்தாள்.

"போயிட்டு."

வைத்தாள். எடுத்தாள். சூடு ஆற நேரமே கொடுக்கவில்லை.

"வந்துட்டு. போயிட்டு. யம்மாடி, என்னா ஓட்டம் ஓடுது!"

மகள் சிரித்தாள். முறுக்குத் தூள் பாவாடையில் கொட்டியது.

அவள் மேலே பார்த்தாள். ஒரு மேகமும் இல்லை. மகளுக்குத் தெரியாதது வெளிச்சம் இல்லை, அந்தச் சொல்.

இன்னும் ஒரு தடவை. தட்டை நேராகப் பிடித்தாள். பிடிக்கப் பார்த்தாள்.

மகள் தலையைச் சாய்த்தாள்.

"எம்மா, இந்த மேகம் ஏன் நடுங்குது?"