குடோனில் யாருமில்லை

"பாய், அடுப்பு, கொடம்... ஒண்ணுகூடக் கண்ணுல படக் கூடாதுங்க அம்மணி" என்று முதலாளி ஆத்தப்பன் அவசரப்படுத்தினார். ஒச்சம்மாளும் அவள் புருஷன் பெரியகருப்பனும் வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பின்னால் தங்கள் குடித்தனத்தை ஒளித்துக்கொண்டிருந்தார்கள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்த பனியன் கம்பெனிக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வேலையிடத்தைச் சோதிக்க அனுப்பும் ஆடிட்டர் அன்று வருவதாகத் தகவல். குடோனில் ஆள் குடியிருப்பது தெரிந்தால் ஆர்டர் போய்விடும்.

உசிலம்பட்டியிலிருந்து வந்த நாளாக இருவருக்கும் அந்த குடோன்தான். வயசுக்கு வந்த மகள் ஆஷாவை அங்கே வைத்துக்கொள்ள முடியாமல், ஊரில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள்.

போன மாதம் வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் கொடுத்தால் அடுக்குமாடியில் ஒரு வீடு கிடைக்கும் என்று ஒச்சம்மாள் ஓடிப்போய் நின்றாள். ஆத்தப்பனுக்கோ கௌரவப் பிரச்சினை. தன் கம்பெனியில் வீடில்லாதவர் யாரும் இல்லை, இவர்கள் தன் குடோனில் சௌகரியமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். எதை வீடு என்று கொள்வது என்பது, வந்தவருக்குக் கொடுத்த விதியில் தெளிவாக இல்லை. தலைக்கு மேல் தகரம் இருக்கிறதே என்று அவரும் போய்விட்டார்.

பத்து மணிக்குக் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெயபாரதி என்றாள். ஆத்தப்பன் புதிதாகச் சிவப்பு வண்ணம் அடித்த தீயணைப்பு வாளிகளைக் காட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே குடோனுக்குள் நுழைந்தாள்.

கொடியில் ஒரு சேலை மறந்துபோய்த் தொங்கியது. இது யாருடையது என்று கேட்டாள். வேஸ்ட் துணி என்றார் ஆத்தப்பன். ஒச்சம்மாளின் முகம் சுருங்கியது. அவளிடம் இருந்ததிலேயே நல்ல சேலை அதுதான்.

ஜெயபாரதி அவளிடம் ஊர், பிள்ளைகள் பற்றியெல்லாம் விசாரித்தாள். ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்றதும் ஒச்சம்மாள் முதலாளியைப் பார்த்தாள்.

அவர் முந்திக்கொண்டார். "மனுசன் குடியிருக்கற எடமாங்க மேடம் இது? காத்து இல்ல, கதவு இல்ல. ரோட்டோரமா எங்கியாச்சும் படுத்துக்குவாங்க. இவங்களுக்கு ஊடுவாசலே கெடையாதுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாதுங்க."

"எங்க வேணும்னாலும் வந்து சொல்றனுங்க."

ஜெயபாரதி இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள். ஆத்தப்பனுக்கு மூச்சு வந்தது. காபி வரவழைத்து அவள் கையில் கொடுத்து, ஆடிட் ரிப்போர்ட் எப்போது வரும் என்று பணிவாகக் கேட்டார்.

"ஆடிட்டுங்களா? நான் வீடில்லாதவங்கள மறுபடி கணக்கெடுக்க வந்தேனுங்க."