இருபத்து மூன்றாம் பக்கம்

அச்சு எந்திரத்தின் சக்கரத்தில் ஃபோர்மேன் கை வைத்த நேரத்தில், அவள் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னாள்.

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். மனைவியை அச்சகத்துக்கு அழைத்து வந்ததே குடையை வைத்துக்கொள்ளத்தான். தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரூஃபை அவள் எட்டிப் பார்ப்பாள் என்று அவர் நினைக்கவில்லை.

புத்தகம் முழுக்க எண்கள். பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை, பக்கத்துக்கு ஆயிரம். ஒவ்வொன்றின் அருகிலும் அதை மீதியில்லாமல் வகுக்கும் மிகச் சிறிய எண். எதற்கும் மசியாத பகா எண் என்றால் ஒரு சிறு கோடு.

இரண்டாயிரம் வருஷத்துச் சல்லடை முறைதான். சிறிய பகா எண்களை வரிசையாக எடுத்து, அவற்றின் மடங்குகளை அடித்துக்கொண்டே போக வேண்டும்.

பதினோரு வருஷ வேலை. ஒரே ஒரு தப்பு வெளியே தெரிந்தால் போதும், கணிதக் கழகம் மொத்தத்தையும் ஓரங்கட்டிவிடும். இதை நம்பித் தருவதாகச் சொன்ன தலைமைப் பதவியும் போய்விடும்.

அவள் விரல் இருபத்து மூன்றாம் பக்கத்தில் 10,22,117இன் மேல் நின்றது. பக்கத்தில் கோடு.

நான்கு கூட்டினால் அது 1011இன் வர்க்கம். நான்கோ இரண்டின் வர்க்கம். இப்படி அமைந்த எண்ணை உடைக்கப் பழைய கணக்கர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள்: 1011இலிருந்து இரண்டைக் கழி, இரண்டைக் கூட்டு.

1009. 1013.

எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் ஃபோர்மேனிடம் பென்சில் வாங்கி, புரூஃப் தாளின் ஓரத்தில் இரண்டையும் பெருக்கினாள்.

ஃபோர்மேன் உதட்டை அசைத்தபடி தானும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். 10,22,117.

சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

பேராசிரியரின் முகம் வெளுத்தது. பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"நான் சரியாத்தான் போட்டிருந்தேன். இவ படி எடுக்கறப்ப விட்டிருப்பா."

அவள் காது மடல் மட்டும் சிவந்தது.

கையெழுத்துத் தாள்கள் இங்கேதான் இருக்கின்றன, பார்த்துவிடலாமே என்றார் ஃபோர்மேன். வேண்டாம், நேரமாகிறது என்றார் பேராசிரியர். அதற்குள் கட்டு மேசைக்கு வந்துவிட்டது.

இருபத்து இரண்டாம் பக்கம். வலப்பக்கம் சாய்ந்த பொடி எழுத்து. அடித்தல், திருத்தல், ஓரமெல்லாம் போட்டுப் பார்த்த கணக்கு. படி எடுத்த தாள் அப்படி இருக்காது.

இருபத்து மூன்று. தடித்த, நிமிர்ந்த எழுத்து. புரூஃபில் இருந்த கையொப்பத்தின் அதே எழுத்து. ஓரத்தில் சோதித்த பகா எண்களின் பட்டியல், 997 வரை. அதற்கடுத்ததுதான் 1009. இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கும்போது எழுந்து போயிருக்கிறார்.

இருபத்து நான்கு, மறுபடி சாய்ந்த எழுத்து.

ஃபோர்மேன் கட்டைவிரலை ஈரமாக்கிக்கொண்டு ஆயிரமாவது பக்கம் வரை தள்ளிப் பார்த்தார். சற்று முன் பென்சிலில் பெருக்கிய அதே கை. கடைசி வரை.

இருபத்து மூன்றாம் பக்கத்து வாரத்தில் அவள் பிரசவ வார்டில் படுத்திருந்தாள். அதை அங்கே யாரும் கேட்கவில்லை.

ஃபோர்மேன் தாள்கட்டை மெதுவாகக் கட்டினார். பேராசிரியர் பக்கம் திரும்பவே இல்லை.

"பேர் போடற தலைப்புப் பக்கம் இன்னும் அச்சுக் கோக்கலம்மா."

"முதல்ல நம்பரைச் சரி பண்ணுங்க."

அந்தக் கோட்டின் அச்சைப் பிடுங்கி 1009ஐ வைத்து இறுக்கும்வரை அவள் நின்று பார்த்தாள். பிறகு, பென்சிலைத் திருப்பிக் கொடுக்காமல், தலைப்புப் பக்கத் தாளைக் கேட்டாள்.