சர் எவரார்டின் பக்கத்து இடம்

தாமசின் சீமாட்டி கைக்குட்டையை எச்சிலில் நனைத்து, கல்லறை மேல் படுத்திருந்த கணவரின் பளிங்குச் சிலையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும் அந்தக் குளிர்ந்த கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

சர்ச் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த ஆம்ப்ரோஸுக்கு நெஞ்சு உருகிவிட்டது. நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். தானே சமைத்த ஆட்டுக்கறியைத் தானே மென்று மென்று தாடை வலித்துப்போனவன். இப்படி ஒருத்தி நமக்கு வாய்க்க மாட்டாளா என்று ஏங்கினான்.

நெதர்கோம்பில் பண்ணை வாங்கிக்கொண்டு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவளைப் பார்த்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே பாதிரியாரின் பிரசங்கம் அவன் காதில் ஏறவில்லை. சர்ச்சில் மணியடிக்கும் டோபியிடம் அவள் கணவரைப் பற்றிப் பட்டும் படாமலும் விசாரித்திருந்தான்.

"இந்த சர் எவரார்ட் இங்க வந்து ரொம்ப நாளாச்சோ?"

"போன அறுவடைக்கு அப்புறம்தான் ஐயா. ஆறு ஜோடி மாடு பூட்டி இழுத்துட்டு வந்தோம். அம்மாடி, என்ன கனம்!"

மனிதர் நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார் என்று ஆம்ப்ரோஸ் நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருந்தது.

இன்று எப்படியும் பேசிவிடுவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே வந்தான்.

"வாங்க ஐயா! இந்த மூக்கைப் பாருங்க. லண்டன் கல்தச்சன் நல்லா ஏமாத்திட்டான். அவர் மூக்கு இதைவிட நீளம்."

"அப்பவும் கம்பீரமாத்தான் இருக்கார், அம்மணி. உங்களுக்குத்தான் பாவம், தனியா..."

"பின்னே இல்லையா? அவர் குரலைக் கேட்டே எட்டு மாசமாச்சு. சாப்பாட்டு மேஜையில எதிர் நாற்காலி காலியாக் கிடக்கு. அதான் இங்க வந்து இந்தக் கல்லோட சண்டை போடறேன். இதுவாவது எதிர்த்துப் பேசாம கேட்டுக்குது."

கவசம் போட்டுப் படுத்திருந்த பளிங்கு வீரனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. ஆம்ப்ரோஸின் கண் அதில் போய் நின்றது.

"இந்த இடம்...?"

"எனக்குத்தான். நாளைக்குக் கல்தச்சன் அளவெடுக்க வர்றான். இதெல்லாம் நாம திடமா இருக்கும்போதே கூட நின்னு பார்த்துச் செஞ்சுக்கணும். பிள்ளைங்க கையில விட்டா, செலவு மிச்சம்னு மூக்கே இல்லாம படுக்க வச்சிடுவாங்க."

ஆம்ப்ரோஸ் கணக்குப் போட்டான். கல்லில் உளி பட்டுவிட்டால் அவ்வளவுதான். இந்தச் சர்ச் நிற்கிற வரைக்கும் அவள் இந்தக் கல் மனிதனின் மனைவி. அப்புறம் யாரால் அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக முடியும்? இன்று வாயைத் திறக்காவிட்டால் மிச்சக் காலம் முழுக்க அந்த ஆட்டுக்கறியும் அவனும்தான்.

கையில் கசங்கிக்கொண்டிருந்த தொப்பியைப் பளிங்கு வயிற்றின் மேல் வைத்துவிட்டு, அப்படியே மண்டியிட்டான்.

"அம்மணி, அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. இந்தச் சில்லுன்னு இருக்கிற கல்லு பக்கத்துல நீங்க ஏன் படுக்கணும்? என் வீட்டுல நாள் பூரா கணப்பு எரியுது. நீங்க சண்டை போட்டா நானும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்குவேன். என்னைக் கட்டிக்குங்க. சர் எவரார்ட் மேல இருந்து பார்த்தார்னா, மனசார ஆசீர்வாதம் பண்ணுவார்!"

சீமாட்டியின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள், அப்படியென்றால் சம்மதம்தான் என்று ஆம்ப்ரோஸ் பூரித்துப்போனான்.

ஆனால் அவள் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பினான். முழங்கால் வரை பயணச் சேறு அப்பிய பூட்ஸோடு ஒரு பெரிய மனிதர், இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஆசீர்வாதம் இருக்கட்டும் தம்பி, முதல்ல என் வயித்து மேல இருக்கிற உன் தொப்பியை எடு."