ஒன்பதாவது கோரிக்கை

"முதல்ல வெளியே வா. வந்தாத்தான் பேச்சு. அதுவரைக்கும் எதையும் கேட்க மாட்டேன்."

குளியலறைக் கதவைப் பார்த்து இப்படி உறுமியவர், கண்ணாடி பாட்டில் ஆலையின் தொழிற்சங்கச் செயலாளர். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தது அவருடைய மகள். ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

"தோழர், இது முதலாளி நம்மகிட்டச் சொன்ன வசனமாச்சே," என்றார் ஆலையின் பேக்கிங் பிரிவு அக்கா. முன்னறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேலைநிறுத்தம் ஏழாவது வாரத்தில் இருந்தது. மூன்று கோரிக்கைகளோடு ஆரம்பித்தது. எப்போது முடியும் என்று யாராவது கேட்டால், செயலாளர் புதிதாக ஒரு கோரிக்கையைச் சேர்ப்பார். கைதட்டல் விழும். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். கைதட்டலில் அடுப்பு எரியாது என்பது கைதட்டியவர்களுக்கும் தெரியும். ஆனாலும் எட்டு ஆகிவிட்டது. ஒன்பதாவதைப் பற்றிப் பேசத்தான் சங்கத்து ஆட்கள் அவர் வீட்டில் கூடியிருந்தார்கள்.

சம்பளம் நின்றுபோனதால் மனைவி தையல் கடை வேலைக்குப் போய்விட்டாள். மகளைக் குளிப்பாட்டுவது அவர் பொறுப்பு. தலைக்கு ஷாம்பு என்று சொன்னதுதான் தாமதம், அவருக்கு முன்னால் குளியலறைக்குள் ஓடி அவள் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்து எல்லாக் கூட்டத்தையும் கேட்ட பிள்ளை. வெறுமனே அழுவாளா?

"ஷாம்பு போடக் கூடாது. எப்பவும் கூடாது. இதான் என் கோரிக்கை."

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா," என்று ஃபிட்டர் தொடையைத் தட்டினார்.

செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். கதவு திறக்கவில்லை. உள்ளே கொஞ்ச நேரம் ஏதோ உரசும் சத்தம். பிறகு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் படுப்பேன் என்றாள். அதையும் ஒப்புக்கொண்டார். மறுபடியும் உரசல். பக்கத்து வீட்டுப் பூனையும் நடுவில்தான் படுக்க வேண்டும் என்றாள். அதற்கும் சரி என்றார்.

"கேட்டதெல்லாம் குடுத்தாச்சே, இன்னும் என்னவாம்?" என்றார் பேக்கிங் அக்கா.

அப்போதுதான் செயலாளருக்குக் காலையில் மனைவி சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. பாத்ரூம் கழுவுற ஆசிட்டை மேலே தூக்கி வைங்க என்றாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே ம் என்றார். பாட்டில் தரையில்தான் இருந்தது.

"கண்ணு, அங்கே நீல பாட்டில் ஒண்ணு இருக்கும். அதைத் தொடாதே."

"எதுப்பா?" அந்தக் குரலில் புதிதாக ஓர் ஆர்வம்.

செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தொடாதே என்பது பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பலகை.

அடுத்த நொடி உள்ளே தடால் என்று ஒரு சத்தம். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து அவர் காலை நனைத்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தங்கம் என்றார், அம்மா என்றார், ராசாத்தி என்றார்.  முன்னறையில் சிரிப்பு நின்றுவிட்டது.  சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை உதைக்கக் காலைத் தூக்கினார். ஃபிட்டர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கதவு உள்பக்கம் திறக்கும், தோழரே. பிள்ளை கதவோரமா விழுந்து கிடந்தா என்ன ஆகும்?"

பேக்கிங் அக்கா தரையோடு படுத்து இடுக்கு வழியாகப் பார்த்தார். ஏதோ துணி தெரிவதாகச் சொன்னார். அசைகிறதா என்று செயலாளர் கேட்டார். அக்கா எழுந்து, ஃபிட்டருக்குக் கதவைக் காட்டினார்.

ஃபிட்டர் தன் பையிலிருந்து ரம்பத் தகடு ஒன்றை எடுத்துக் கதவிடுக்கில் நுழைத்துத் தாழ்ப்பாளை நெம்பினார். அவர் நெற்றியில் நரம்பு புடைத்தது. "துரு ஏறி இறுகிக் கிடக்கு. எனக்கே அசைய மாட்டேங்குது," என்றார்.

செயலாளர் கதவில் வாயை வைத்து, எதைக் கேட்டாலும் தருகிறேன், ஒரு வார்த்தை பேசு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆசிட் வாடை வருகிறதா என்று நடுநடுவே மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒருவழியாகத் தாழ்ப்பாள் விட்டது.

வாளி கவிழ்ந்து கிடந்தது. கொடியிலிருந்து விழுந்த துண்டு கதவோரம் நனைந்து கிடந்தது. நீல பாட்டில் மூடியோடு அப்படியே இருந்தது. மூலையில் மகள், சத்தம் வெளியே வராமலிருக்கத் தன் சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். வாளி மேல் ஏறியவள் விழுந்திருக்கிறாள். முழங்காலில் சிராய்ப்பு. விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அள்ளி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். 

"தாழ்ப்பாள் வரலைப்பா," என்றாள். "முதல்ல இருந்தே வரலை. வாளி மேல ஏறி இழுத்தேன், விழுந்துட்டேன்."

"அதை அப்பவே சொல்லக் கூடாதா, தங்கம்?"

அவள் சுற்றி நின்ற எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லாரும் இருக்கீங்க. திறக்கத் தெரியலைன்னு சொன்னா சிரிப்பீங்க. அதான் வேற வேற கேட்டுக்கிட்டே இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பேக்கிங் அக்கா துண்டைப் பிழிந்து மகளின் முழங்காலைத் துடைத்தார். எல்லோரும் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஃபிட்டர் தொண்டையைச் செருமினார்.

"சரி தோழரே. நம்ம ஒன்பதாவதுக்கு வருவோமா?"

செயலாளர் மடியில் இருந்த மகளின் விரல்களை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"ஒன்பதாவது வேண்டாம். நாலாவதுல இருந்தே எனக்கும் முடிக்கத் தெரியலை."