பெரிய டாக்டரம்மா

இப்போதெல்லாம் வீட்டுத் திரைகளில் தோன்றி நோயாளிகளிடம் பேசுவது மனநல மருத்துவர் வசுமதியின் கணினிப் பிம்பம்தான். அதே முகம், அதே குரல். அது பிம்பம் என்று நோயாளிகளுக்கும் தெரியும். அது பேசி முடித்ததைப் பிறகு கேட்டுச் சரிபார்ப்பது மட்டுமே வசுமதியின் வேலை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சூசைமரியான், அவளிடம் நேரில் வந்த காலமெல்லாம் "நல்லாருக்கேன் டாக்டரம்மா, மாத்திரை சாப்பிடுதேன்" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. பிம்பத்திடமோ, கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பியைச் சொல்லித் தேம்பி அழுதார். அதைக் கேட்ட வசுமதிக்கு வயிறு எரிந்தது. என் முகத்தை வைத்துக்கொண்டு!

அடுத்த வாரம் பிம்பத்தை நிறுத்திவிட்டு, அவரிடம் சொல்லாமல் அவளே திரைமுன் உட்கார்ந்தாள்.

"நேத்து அவன் சட்டையக் கண்டேன், தாயி. அப்பமே..." என்று சூசைமரியான் நிறுத்தினார்.

பிம்பம் என்றால் அவராகப் பேசும்வரை சும்மா இருந்திருக்கும். வசுமதியால் முடியவில்லை.

"ரொம்ப அழுதீங்களோ?"

அவர் திரையை உற்றுப் பார்த்தார். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லாருக்கேன் டாக்டரம்மா. மாத்திரை சாப்பிடுதேன்."

மறுவாரம் பிம்பத்திடம் அவர் பேசியதை வசுமதி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"போன வாரம் பெரிய டாக்டரம்மாவே வந்திருந்தாவ, தாயி. பாவம், அவியளுக்கு ஏதோ மனவருத்தம் போல. என்னைய விடுங்க. நீங்க ஒருவாட்டி அவியகிட்ட உக்காந்து பேசுங்களேன்."