ரிவர்ஸ் போடு

இருபுறமும் வரிசையாகப் படகுகள். நடுவே சந்து போன்ற தண்ணீரில் பாய்மரப் படகை மோட்டாரில் திருப்ப முடியாமல் அவள் திணறினாள். கயிற்றை வாங்கிக் கட்டுவதற்காக முன்னமே படகுத்துறை மேடையில் குதித்திருந்த கணவன் கத்தினான்.

"இடிச்சிடாதே! பத்து வருஷமா உன்னைத் தனியா விடாதது இதுக்குத்தான்."

அவள் சுக்கானைப் பிடித்தபடி கேட்டாள். "நடுவுல மாட்டிக்கிட்டேங்க. எப்படித் திருப்பறது?"

"ரிவர்ஸ் போடு. பின்பக்கம் இடது பக்கம் இழுக்கும், மூக்கு தானா வலது பக்கம் திரும்பும்."

போட்டாள். படகின் மூக்கு அழகாகத் திரும்பிக் கடலைப் பார்த்தது.

"ஏய், மேடை இந்தப் பக்கம். கயித்தை வீசு."

"நான் கட்ட வரலைங்க. வெளியே போகத்தான் வழி தெரியலை, நீங்களே சொல்லிட்டீங்க. சாயங்காலம் வந்துடறேன், சோறு வடிச்சு வைங்க."