லாயக்கில்லாத ரூம்

மான்குர்த் அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் கதவு தடதடவென்று அதிர்ந்தது. தங்கத்தாய் அதில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“கதவைத் திறங்கோம்மா. இது கவர்மென்ட் ரூம்” என்றார் வீட்டுவசதி அதிகாரி சந்திரமௌலி.

“திறக்க மாட்டேன் சார்.”

“போலீஸைக் கூப்பிடுவேன். ஜெயிலுக்குத்தான் போவேள்.”

“கூப்பிடுங்க. ஜெயிலுக்கும் கூரை இருக்குல்லா.”

தாராவியில் குடிசையை இடித்ததிலிருந்து அவளும் மகளும் பாலத்துக்கு அடியில்தான் படுக்கிறார்கள். இங்கே கட்டடம் முழுக்க ரூம்கள் வருஷக்கணக்காகக் காலியாகக் கிடக்கின்றன.

“மனுஷா இருக்க லாயக்கில்லாத ரூம்னு எத்தனை தரம் சொல்றது?”

“ஆபீஸ்ல உக்காந்துல்லா சொன்னீங்க. குழாயைத் திறந்து பாத்தீங்களா? இப்பத் திறந்து பாருங்க.”

கதவுக்கு அந்தப் பக்கம் குழாய் செருமியது. பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

தங்கத்தாய் உட்கார்ந்திருந்தது வெளியே, வராந்தாவில். ரூமைப் பார்வையிட வந்த சந்திரமௌலி, பூட்டைச் சாவியோடு கொண்டியில் தொங்கவிட்டு உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தி வெளியிலிருந்து பூட்டிவிட்டாள். சாவி இப்போது அவள் முந்தானை முடிச்சில்.

“தண்ணி வருதா சார்?”

“வர்றது.”

“கூரை ஒழுகுதா?”

“இல்லை.”

“அப்போ ஆபீசுக்குப் போன் போட்டு அதைச் சொல்லுங்க. என் காதுல விழணும்.”

உள்ளேயிருந்து இறங்கிய குரலில் கெஞ்சல் வந்தது.

“பொழுது சாயறதும்மா. நான் வீட்டுக்குப் போகணும்.”

“நானுந்தான் சார்” என்றாள் தங்கத்தாய்.